கிழக்குக் கதவின் ஒன்பது நொடி

எங்கள் நாட்டில் ஒரு மசோதா சட்டமாக வேண்டுமென்றால் ஏழு படி ஏற வேண்டும் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறார்கள். சிரித்த முகமுள்ள ஒரு காகிதம் படிக்கட்டில் ஏறிப் போய்க்கொண்டிருக்கும். அந்தப் படத்தை வரைந்தவர் ஒரு நாளாவது எங்கள் கட்டடத்துக்குள் வந்திருந்தால் காகிதத்துக்குச் சிரித்த முகம் வைத்திருக்க மாட்டார். படத்தில் சபாநாயகர் இருக்கிறார், உறுப்பினர்கள் இருக்கிறார்கள், கடைசிப் படியில் பேனாவோடு நாட்டின் தலைவர் நிற்கிறார். கதவுக்காரர் மட்டும் இல்லை. அவரைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கீழ்ச்சபையின் நடு மேஜையில் முப்பத்திரண்டு வருஷம் சுருக்கெழுத்து எழுதியவள். உறுப்பினர்கள் பேசுவதை ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். செய்வதை எழுத வேண்டியதில்லை. இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் புரியவில்லை.

கதவுக்காரரை எல்லோரும் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சபைக்கு நான்கு கதவு, திசைக்கு ஒன்று. இவர் கிழக்கு. வாக்கெடுப்பு என்று சபாநாயகர் அறிவித்ததும் கட்டடம் முழுக்க நான்கு நிமிடம் மணி அடிக்கும். கேன்டீனில் பாதி டீயோடு இருப்பவர், நூலகத்தில் கண்ணை மூடிச் சிந்திப்பவர், வராந்தாவில் போனில் சத்தியம் செய்துகொண்டிருப்பவர், எல்லோரும் ஓடி வந்து உள்ளே நுழைந்துவிட வேண்டும். மணி நின்ற கணமே நான்கு கதவும் மூட வேண்டும். மூடியபின் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் வாக்கு. வெளியே நிற்பவர் பிரதமரே ஆனாலும் அந்த நேரத்துக்கு அவர் வெறும் வழிப்போக்கர்.

இந்த வேலையை மற்ற மூன்று கதவுக்காரர்களும் மனிதர்கள் செய்வதுபோலச் செய்தார்கள். மணி நிற்கும், யாராவது மூச்சிரைக்க வருவார், ஒரு காலை உள்ளே வைத்திருப்பார், சரி போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். பூட்டிடம் அந்தப் பேச்சே கிடையாது. ஒருமுறை நிதியமைச்சர் தன்னுடைய சொந்த மசோதாவுக்கு வாக்களிக்கத் தானே ஓடி வந்தார். கதவு அவர் மூக்குக்கு நேராக மூடியது. மசோதா மூன்று வாக்கில் பிழைத்துக்கொண்டது, அமைச்சரின் மூக்கும் பிழைத்துக்கொண்டது. புகார் போனது. அப்போதிருந்த சபாநாயகர் பூட்டுக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார். அமைச்சர்களை எல்லாம் ஒழுங்காக நடத்தும் ஒரே ஆள் இந்தச் சபையில் இவர்தான் என்று அதில் இருந்ததாகச் சொல்வார்கள். கடிதத்தை அவர் யாரிடமும் காட்டியதில்லை.

இன்னொரு தடவை ஒரு உறுப்பினரின் கோட்டு நுனி கதவில் மாட்டிக்கொண்டது. ஆள் வெளியே, ஒரு சாண் கோட்டு உள்ளே. முடிவு அறிவிக்கும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்பதால் அவர் இருபது நிமிடம் அப்படியே கதவோடு நின்றார். இப்போது இவர் சபையில் இருக்கிறாரா இல்லையா என்று இரண்டு கட்சிக்கும் வாக்குவாதம். விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய விதி ஒன்று கிடைத்தது. யார் எப்போது உள்ளே வந்தார் என்பதில் சந்தேகம் எழுந்தால் அந்தக் கதவின் காவலரைச் சபைக்குள் அழைத்துச் சபாநாயகர் கேட்க வேண்டும், அவர் சொல்வதே முடிவு, மறுவிசாரணை கிடையாது. அவர் யாருக்கும் சாதகமாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, சந்தேகம் கிளப்பியது யார், வாக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்பதை அவரிடம் சொல்லக் கூடாது. சபையும் வாயைத் திறக்கக் கூடாது. பூட்டை அழைத்தார்கள். "கோட்டு உள்ள வந்துச்சுங்க, ஆள் வரலைங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கோட்டுக்கு வாக்கில்லை என்று சபாநாயகர் தீர்ப்பளித்தார். இதை நானே எழுதியிருக்கிறேன், சபை நடவடிக்கைகளை அச்சடிக்கும் நாளேட்டில் இருக்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதவை மூடும்போது பூட்டு வெளிப்பக்கம் நிற்பார். அதாவது இருபத்தொன்பது வருஷமாக இந்த நாட்டின் சட்டங்கள் எல்லாம் அவருடைய முதுகுக்குப் பின்னால்தான் நிறைவேறின. வராந்தாவில் ஒரு ஒலிபெருக்கி உண்டு, அதில் பேச்சுகள் கேட்கும். வாக்கெடுப்பு நேரத்தில் அதை அணைத்துவிடுவார்கள். யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்ற பட்டியல் மறுநாள் சபை நாளேட்டின் கடைசியில் எறும்பு எழுத்தில் வரும். அதைப் பூட்டு தொடவே மாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரு எந்தப் பக்கம்னு தெரிஞ்சா, கை தானா ஒரு பக்கம் சாய ஆரம்பிச்சிடும் மேடம். எனக்கு எல்லாரும் ஒரே கால்தான். உள்ள வந்த கால், வராத கால்."

அன்றைக்கு எனக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. வீட்டில் போய்க்கூடச் சொன்னேன்.

அவர் வேலைக்கு வந்ததே தற்காலிகமாகத்தான். நாற்பது பேரை ஒன்றாக எடுத்தார்கள். பதினான்காவது மாதம் ஒரு குமாஸ்தா டீ கொடுப்பதுபோல ஆளுக்கொரு காகிதம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லோரும் நிரந்தரம். மசோதா இல்லை, விவாதம் இல்லை, கண்ணீர் இல்லை. அப்படி ஒரு காலமும் இருந்தது என்றால் அவருடைய மகளே நம்ப மாட்டாள்.

மகள் அரசாங்க ஆஸ்பத்திரியில் தற்காலிக நர்ஸ். பதினோரு மாதத்துக்கு ஒரு உத்தரவு, பிறகு ஒரு மாதம் வீட்டில், பிறகு மறுபடி பதினோரு மாதத்துக்குப் புது உத்தரவு. அந்த ஒரு மாத இடைவெளி இருப்பதால் சட்டப்படி அவள் ஒவ்வொரு வருஷமும் புதுசாக வேலைக்குச் சேர்கிறாள். பன்னிரண்டு வருஷமாக ஒரே வார்டில், ஒரே அலமாரிச் சாவியோடு, புதுசாகச் சேர்ந்துகொண்டே இருந்தாள். அவளிடம் ஊசி போடக் கற்றுக்கொண்ட பெண்கள் நிரந்தரமாகி அவளுக்கே மேலதிகாரியானார்கள். பூட்டுக்கு மனதில் இருந்த ஒரே கவலை இது. தான் ஓய்வு பெறுவதற்குள் அந்தப் பெண்ணுக்கு ஒரு நிலையான வேலை.

அப்போதுதான் டீச்சர் ஒரு மசோதா கொண்டுவந்தார். டீச்சர் என்றால் நிஜமாகவே பள்ளிக்கூட டீச்சர், ஓய்வு பெற்றபின் எந்தக் கட்சியிலும் சேராமல் நின்று எப்படியோ ஜெயித்து வந்தவர். அரசாங்க வேலையில் பத்து வருஷம் இருந்த தற்காலிகப் பணியாளர் எல்லோரையும் நிரந்தரமாக்க வேண்டும், நடுவில் விடப்பட்ட இடைவெளியைக் காரணம் காட்டக் கூடாது. மொத்தம் ஒன்பது பிரிவு. அச்சடித்தால் மூன்று பக்கம்கூட வராது.

முதல் படியில் எந்த மசோதாவையும் யாரும் எதிர்ப்பதில்லை. குழந்தை பிறந்தவுடனே அதன் மூக்கைக் குறை சொல்வதில்லையே, அதுபோல ஒரு மரியாதை. இரண்டாவது படி, குழு. குழுவுக்கு அனுப்புவது என்றால் ஆறப்போடுவது. டீச்சரின் மசோதா ஒன்றரை வருஷம் ஆறியது. டீச்சர் விடவில்லை. வாரா வாரம் குழுவின் அறைக்குப் போய், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைப் பார்ப்பதுபோல ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாங்க முடியாமல் திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது பிரிவில் எட்டு முழுசாக வந்தது. அந்த இடைவெளிப் பிரிவும் தப்பித்தது.

பூட்டு ஆள் மாறிப்போனார். மசோதா நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். முன்பெல்லாம் என்னிடம் மழையைப் பற்றிப் பேசுகிறவர் இப்போது இடைவெளி பற்றிய அந்த ஆறாவது பிரிவைப் பற்றிப் பேசினார்.

"பொண்ணு போன் பண்ணிட்டே இருக்கா மேடம். ‘அப்பா, நம்ம பிரிவு இருக்கா, எடுத்துட்டாங்களா’ன்னு. வார்டுல எல்லாரும் அவளைச் சுத்தி நின்னு கேக்கறாங்களாம். ஏதோ நான்தான் சட்டம் போடற மாதிரி."

"நீங்க கதவைத் திறந்து வச்சாத்தானே அண்ணே அவங்க உள்ள வந்து போடணும்" என்றேன். சிரித்தார். அவர் பல்லை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

மூன்றாவது படியில் விவாதம். தேர்தலுக்கு எட்டு மாதம்தான் இருந்தது. நாடு முழுக்கத் தற்காலிகமாக வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது, குடும்பத்துக்கு வாக்கு இருக்கிறது. அதனால் அரசாங்கக் கட்சி ஒரு நல்ல வழி கண்டுபிடித்தது. எல்லோரும் ஆதரித்துப் பேசலாம். வாக்கெடுப்பன்று காலையில் கொறடாவின் கவர் வரும், அதில் உள்ளபடி வாக்களிக்க வேண்டும். மூன்று நாளில் இருபத்திரண்டு பேர் பேசினார்கள். எதிர்த்து ஒருவர்கூடப் பேசவில்லை. என் விரல்கள் தேனில் ஊறிப்போயின.

எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் உருக்கம். இது நாங்கள் சுருக்கெழுத்துக்காரர்கள் வைத்த பேர். அரசாங்கக் கட்சி, நாலாவது வரிசை, பார்க்க ராஜகளை, குரலில் எப்போதும் ஒரு ஈரம். தினமும் கிழக்குக் கதவு வழியாகத்தான் வருவார், பூட்டின் தோளில் கை போட்டு "பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்காமல் போகமாட்டார். கேட்டதை எல்லாம் அன்று சபையில் எடுத்து வைத்தார். பன்னிரண்டு வருஷம், ஒரே வார்டு, அலமாரிச் சாவி, எல்லாம். "இந்தச் சபையின் கதவைக் காக்கிறவரின் மகளுக்கே இந்தச் சபையின் கதவு திறக்கவில்லை என்றால் நாம் யாருக்காக இருக்கிறோம்?" என்று கேட்டுவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். நாற்பது நிமிடம். கேலரியில் இருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

நான் சிந்தவில்லை. என் கணக்குப்படி உருக்கம் அதுவரை பதினேழு மசோதாவுக்காக அழுதிருக்கிறார், அதில் பதினாலுக்கு எதிராக வாக்களித்திருக்கிறார். உள்ளே உட்காரும் எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். எதிர்க்கட்சிக்குத் தெரியும், அவர் கட்சிக்குத் தெரியும், தண்ணீர் வைப்பவருக்குத் தெரியும். வெளியே வந்தால் பூட்டு ஒலிபெருக்கியின் கீழே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

"கேட்டீங்களா மேடம்? என் பொண்ணைப் பத்தி! அவர் ஒருத்தர் போதும் மேடம். கட்சி என்ன சொன்னாலும் அவர் நம்ம பக்கம்தான்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அண்ணே, அந்த ஆளை நம்பாதீர்கள் என்று நான்கு சொல் போதும். ஆனால் இருபத்தொன்பது வருஷம் இந்தக் கட்டடத்தில் இருப்பவருக்கு இது தெரியாமலா இருக்கும், மனுஷர் ஒரு சந்தோஷத்தில் பேசுகிறார், பேசிவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். "ம்" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. இப்போது நினைத்தாலும் என்னையே அறைய வேண்டும்போல இருக்கிறது.

கடைசி வாக்கெடுப்பு ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. எதிர்த்து வாக்களிக்கச் சொல்லிக் காலையிலேயே கொறடாவின் கவர்கள் வந்துவிட்டன. இழுபறி, ஒன்றிரண்டில்தான் முடியும் என்று கேன்டீன் வரைக்கும் பேச்சு. அரசாங்கக் கட்சியில் மனைவியோ தங்கையோ தற்காலிகமாக இருக்கும் ஏழெட்டுப் பேர் கவரைக் கிழித்துப் போட்டுவிட்டதாகத் தகவல். மணி அடித்தது. என் இடத்திலிருந்து கிழக்குக் கதவும் அதற்கு மேலே உள்ள கடிகாரமும் நேராகத் தெரியும்.

மணி நின்றது.

வடக்குக் கதவு மூடியது. மேற்கு, தெற்கு மூடின. நடுவில் இருந்தவர்கள் எல்லாம் பேசிக்கொண்டும் காகிதத்தை எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். சபாநாயகர் அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், சபையின் ஒரே காமிரா அவர் துடைப்பதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. கிழக்குக் கதவு திறந்திருந்தது. எனக்குக் கை நின்றுபோயிற்று. பூட்டின் பாதி முகம் தெரிந்தது, அவர் வராந்தாவின் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று என்னை அறியாமல் எண்ணினேன். ஏழில் ஓடிவரும் காலடிச் சத்தம். எட்டில் உருக்கம் தலைமுடியைக் கோதிக்கொண்டே உள்ளே வந்தார். ஒன்பதில் கதவு மூடியது.

என் நோட்டில் வழக்கமான வரியை எழுதினேன். ‘மணி நின்றதும் கதவுகள் மூடப்பட்டன.’ கை தானாக எழுதிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் சபையில் உறுப்பினர்கள் ஆதரவு என்றால் வலப்பக்கமும் எதிர்ப்பு என்றால் இடப்பக்கமும் வரிசையாக நடந்து, எண்ணுபவர்களைக் கடந்து, திரும்பித் தங்கள் இடத்தில் உட்கார வேண்டும். உருக்கம் நடுவில் நின்று வலப்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு இடப்பக்கம் நடந்தார்.

ஆதரவு நூற்றுப் பதினேழு. எதிர்ப்பு நூற்றுப் பதினேழு.

டீச்சர் எழுந்தார். கிழக்குக் கதவு வழியாக மணி நின்ற பிறகு ஒரு உறுப்பினர் வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அந்த வாக்கு செல்லாது என்றால் மசோதா ஒரு வாக்கில் நிறைவேறும். அரசாங்கக் கட்சி கூச்சலிட்டது. சபாநாயகர் அம்மாள் சுத்தியலைத் தட்டி, அந்தப் பழைய விதியின்படி கிழக்குக் கதவுக்காரரை அழைக்கச் சொன்னார். சபை வாய்மூடியது. எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், யார் எந்தப் பக்கம் நடந்தார் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை.

பூட்டு உள்ளே வந்து என் மேஜைக்கு மூன்று முழத்தில் நின்றார். உருக்கத்தைப் பார்த்தார். உருக்கம் அவரைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார். பூட்டின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அவர் மனதில் என்ன ஓடியது என்பது அச்சடித்த காகிதம்போல எனக்குத் தெரிந்தது. மசோதாவுக்கு விழுந்த ஒரு நல்ல வாக்கைத் தட்டிவிட யாரோ பார்க்கிறார்கள். தான் உண்மையைச் சொன்னால் அந்த வாக்குப் போய்விடும், மகளின் வேலை போய்விடும்.

"மணி நின்ற பிறகு உங்கள் கதவு வழியாக யாரையாவது உள்ளே விட்டீர்களா?" என்று சபாநாயகர் கேட்டார்.

நான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்திருக்கலாம். இருமியிருக்கலாம், பென்சிலைக் கீழே போட்டிருக்கலாம். விதிப்படி நான் அங்கே இல்லாத ஆள். நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க" என்றார் பூட்டு. "மணி நின்னுச்சு, மூடிட்டேன்."

அவர் வாழ்க்கையில் அந்தக் கதவைப் பற்றிச் சொன்ன முதல் பொய் அது. அதைச் சுத்தமாக, தடுமாறாமல் சொன்னார். அரசாங்கக் கட்சி மேஜையைத் தட்டியது. "கிழக்குக் கதவுக்காரர் சொன்னால் இந்தச் சபையில் அதற்கு மேல் கேள்வி இல்லை" என்று சபாநாயகர் சொன்னார். பூட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே போனார், கதவு அவருக்குப் பின்னால் மூடியது.

இரண்டு பக்கமும் சமமென்றால் சபாநாயகரின் வாக்கு. சபாநாயகர் அம்மாளுக்கு அந்த மசோதா பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும், அவருடைய அக்காள் மகளே தற்காலிக டீச்சர். ஆனால் எங்கள் மரபு வேறு. சபை பெரும்பான்மையாக ஒன்றை விரும்பாதபோது சபாநாயகர் நாற்காலி அதைச் செய்யக் கூடாது, இருப்பது இருக்கும்படி வாக்களிக்க வேண்டும். அவர் மரபைக் காப்பாற்றினார். குரல் மட்டும் கொஞ்சம் கம்மியது, கம்மியதை நான் எழுதவில்லை. மசோதா விழுந்தது. டீச்சர் தன் காகிதங்களை ஓரம் தட்டி அடுக்கிப் பைக்குள் வைத்தார், யாரையும் பார்க்கவில்லை.

கதவு திறந்ததும் நான்தான் முதலில் வெளியே வந்தேன். பூட்டு முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"ஜெயிச்சாச்சா மேடம்? பொண்ணுக்கு போன் போட்டுரட்டுமா?"

"இல்லண்ணே" என்றேன். "சமமா வந்துச்சு. சபாநாயகர் வாக்குல போயிருச்சு."

"சமமா? அவர் வாக்கையும் சேத்துமா சமம்?"

"அவர் வாக்கைச் சேத்ததாலதான் சமம். அவர் அந்தப் பக்கம் போயிட்டார்ணே."

அவருக்கு உடனே புரியவில்லை. உருக்கம் அப்போதுதான் வெளியே வந்து, வழக்கம்போல அவர் தோளைத் தட்டி, "என்ன பண்றது, கட்சி. மனசு கேக்கலை. பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டு நடந்தார். பூட்டு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவர் செய்ததைத்தான் நான் இன்றைக்கும் மதிக்கிறேன். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நேராகச் சபைச் செயலாளரின் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"ஐயா, நான் பொய் சொல்லிட்டேன். மணி நின்னப்புறம் ஒன்பது நொடி கதவைப் பிடிச்சு வச்சிருந்தேன். அந்த வாக்கு செல்லாது. எழுதித் தர்றேன். என்னை வேலையை விட்டுத் தூக்கிடுங்க."

செயலாளர் நல்ல மனிதர். எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். "எனக்குப் புரியுது" என்றார். "பொண்ணு விஷயம். எந்த அப்பாவா இருந்தாலும் இப்படி ஏதாவது சொல்லி மசோதாவைக் காப்பாத்தப் பாப்பான். ஆனா உங்களை எனக்கு இருபது வருஷமாத் தெரியும். நிதியமைச்சருக்கே பிடிக்காத கதவை நீங்க யாருக்குப் பிடிச்சு வைப்பீங்க? வீட்டுக்குப் போங்க. ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க."

"நிஜமாத்தாங்கய்யா சொல்றேன்."

"சபையில சொன்னதுதான் நிஜம். அதுக்கு மறுவிசாரணை கிடையாது. விதி."

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "நானும் பார்த்தேன்" என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால், பார்த்ததை விட்டுவிட்டு ஏன் வேறு எழுதினாய் என்று கேட்பார்கள். எனக்கும் வேலை, எனக்கும் வீடு. இப்படித்தான் எங்கள் நாட்டுச் சட்டத்தில் ஒன்று குறைந்துபோனது, எல்லா விதியும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டு.

ஒருமுறை விழுந்த மசோதாவை அந்தச் சபையின் காலம் முடியும்வரை மறுபடி கொண்டுவர முடியாது. எட்டு மாதத்தில் தேர்தல் வந்தது, டீச்சர் தோற்றார். உருக்கம் ஜெயித்தார். அடுத்த வருஷம் பூட்டு ஓய்வு பெற்றபோது பிரிவுபசாரக் கூட்டத்தில் உருக்கம்தான் தலைமை. ஒரு நொடி பிசகாத நேர்மை என்று பேசிக் கைக்குட்டை எடுத்தார். பூட்டு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏற்புரைக்கு அழைத்தபோது, "அவர் சொன்னது உண்மை இல்லீங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். அடக்கம், அடக்கம் என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்தார்.

"வீட்டுலயும் நம்ப மாட்டேங்கறாங்க மேடம். பொண்ணுகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். ‘எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு பழியை உங்க மேல போட்டுக்காதீங்கப்பா’ன்னு அழறா. நான் என்ன பண்ணினேன்னு அவளுக்காவது தெரியணும். நீங்க ஒருத்தர்தான் பாத்தவங்க."

போகிறேன் என்றேன். உடனே போகவில்லை. மூன்று மாதம் போகவில்லை. நானும் ஓய்வு பெற்ற பிறகுதான் துணிச்சல் வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ரத்த அழுத்தம் பார்க்கப் போவதுபோல அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளே வந்தாள், அப்பாவின் அதே நிமிர்ந்த முதுகு. என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே யார் என்று தெரிந்துகொண்டாள்.

"நீங்க உள்ள இருந்தீங்கல்ல மேடம்? எங்கப்பா ஒன்பது நொடி, ஒன்பது நொடின்னு தூக்கத்துலகூடச் சொல்றாரு. எனக்காகத்தான் ஏதோ சொல்றார்னு அம்மா சொல்றாங்க. அப்படி ஒண்ணும் நடக்கலைதானே?"

"நடந்தது" என்றேன். "ஒன்பது நொடிதான். நான் எண்ணினேன். அந்த ஆள் உனக்கு வாக்குப் போடுவார்னு நம்பிக் கதவைப் பிடிச்சுட்டு நின்னார். சபைக்குள்ள கூப்பிட்டுக் கேட்டப்போ உனக்காகத்தான் பொய் சொன்னார். எழுத வேண்டியவ நான், நான் எழுதலை."

பட்டையில் காற்று ஏறிக்கொண்டே இருந்தது. என் கை மரத்துப்போகும்வரை அவள் கவனிக்கவில்லை. பிறகு சட்டென்று காற்றைத் திறந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது, ஆனால் அவள் முகத்தில் வந்தது வருத்தம் இல்லை.

"எனக்காகவா?" என்றாள். "எங்கப்பாவா?"

"உங்கப்பாதான்."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் அப்பாவுக்குப் பிடித்த பிஸ்கட் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று தனக்குத்தானே சொன்னாள். அதன் பிறகு நர்ஸாகி, இரண்டாவது முறை அழுத்தம் பார்த்து, சீட்டில் எழுதினாள்.

"ரொம்ப அதிகமா இருக்கு மேடம். உப்பைக் குறைங்க. அடுத்த மாசம் வந்து மறுபடி பாருங்க" என்றவள், எழுதியதை அடித்துவிட்டு வேறு தேதி போட்டாள். "அடுத்த மாசம் நான் இருக்க மாட்டேன். அதுக்கு அடுத்த மாசம் புதுசாச் சேர்றேன், அப்ப வாங்க."